புது கார்டு வந்தால் டெக்கிலிருந்து எதை எடுப்பது?

போக்கிமான் கார்டு ஆட்டத்தில் புது செட் (ஒன்றாக வெளியாகும் கார்டுத் தொகுப்பு) வரும்போதெல்லாம் "இந்தக் கார்டு நல்லதா?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கிறது. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு டெக் கட்ட முடியாது. டெக் என்றால் சரியாக 60 கார்டு, ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. உங்கள் டெக்கில் 60 இடமும் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. எனவே புதியதைப் பார்த்ததும் கேட்க வேண்டியது இதுதான்: இதற்காக எந்தக் கார்டை வெளியே எடுக்கப்போகிறோம், அதை எடுத்தால் எந்த மாதிரி ஆட்டங்களில் தோற்போம்?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் ஆடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கார்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து எடுக்கும் வசதி இங்கே குறைவு. பெரும்பாலும் ஆன்லைனில் பணம் கட்டி, கூரியரில் வரவழைக்க வேண்டும். வந்த பிறகு பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ள பக்கத்தில் ஆளும் இருக்காது. அதனால் யோசனையை எல்லாம் பணம் கட்டுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். அதற்கு நேரமும் இருக்கிறது. ஆங்கிலத்தில் வரும் கார்டுகளில் பெரும்பாலானவை சில வாரங்கள், சில சமயம் இரண்டு மூன்று மாதங்கள் முன்பே ஜப்பானில் வெளியாகிவிடும். மொழிபெயர்ப்பும் உடனே கிடைத்துவிடும்.

கார்டைப் படிக்கும் வரிசை

எல்லாரும் முதலில் படத்தைப் பார்ப்பார்கள், அடுத்து டேமேஜ் எண்ணை. அந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் பார்க்க வேண்டியது கார்டின் இடப்பக்கம் கீழே பொடி எழுத்தில் இருக்கும் குறி. ஸ்டாண்டர்ட் ஆட்டத்தில் (அண்மைக் காலக் கார்டுகள் மட்டும் செல்லும் வழக்கமான போட்டி வகை) எந்தக் கார்டு செல்லும் என்பதை அதுதான் சொல்லும். 2025 ஏப்ரலில் எஃப் குறி உள்ள கார்டுகள் ஸ்டாண்டர்டிலிருந்து வெளியேறின. புது கார்டு தன் வேலையைச் செய்ய இன்னொரு பழைய கார்டை நம்பியிருந்தால், அந்தப் பழைய கார்டின் குறியையும் பாருங்கள். அது சீக்கிரம் வெளியேறப்போகிறது என்றால் புதியதற்குக் கொட்டும் பணம் சில மாதங்களுக்குத்தான்.

அடுத்து, அது மேசைக்கு வர எத்தனை படி ஏற வேண்டும் என்று பாருங்கள். பேசிக்கா, ஸ்டேஜ் 1ஆ, ஸ்டேஜ் 2ஆ? பேசிக்கை நேராக வைக்கலாம்; ஸ்டேஜ் 1 அதன் மேல், ஸ்டேஜ் 2 அதற்கும் மேல் எவால்வ் ஆகி ஏறும். அதன் பிறகு அட்டாக்குக்கு எத்தனை எனர்ஜி கார்டு மாட்ட வேண்டும், அவை ஒரே வகையா, வெவ்வேறா என்று பாருங்கள். பிறகு, அது வீழ்ந்தால் எதிராளி எத்தனை பிரைஸ் (தொடக்கத்தில் தனியே வைக்கும் கார்டு, எல்லாவற்றையும் முதலில் எடுப்பவர் ஜெயிப்பார்) எடுப்பார்? சாதாரண போக்கிமானுக்கு 1, பெயரில் ஈஎக்ஸ் இருந்தால் 2, மெகா எவல்யூஷன் ஈஎக்ஸ் என்றால் 3. மொத்தம் 6 பிரைஸ்தான். மெகா இரண்டு விழுந்தால் ஆட்டம் முடிந்தது. டேமேஜ் எண் இதற்கெல்லாம் பிறகுதான்.

எபிலிட்டியில் (அட்டாக் அல்லாத தனித் திறனில்) ஒரு வரியைத் தவறாமல் தேடுங்கள். "உன் முறையில் ஒரு தடவை" என்று மட்டும் இருந்தால் (முறை என்பது ஒருவரின் டர்ன்) அந்தக் கார்டு பெஞ்சில், அதாவது பின்வரிசையில், எத்தனை இருக்கிறதோ அத்தனை தடவை பயன்படுத்தலாம். டிராக்லோக் என்ற ஸ்டேஜ் 1 போக்கிமான் அப்படித்தான். டெக்கின் மேலிருந்து 2 கார்டு பார்த்து, ஒன்றைக் கையில் எடுத்து, மற்றதை அடியில் வைக்கும். மூன்று டிராக்லோக் இருந்தால் மூன்று தடவை. ஆனால் ஃபெசான்டிபிட்டி ஈஎக்ஸ் கதை வேறு. எதிராளியின் முந்தைய முறையில் உங்கள் போக்கிமான் எதுவாவது வீழ்ந்திருந்தால் 3 கார்டு எடுக்கலாம், ஆனால் இந்த எபிலிட்டி ஒரு முறையில் ஒன்றுக்கு மேல் கிடையாது என்று கார்டிலேயே எழுதியிருக்கிறது. அதில் இரண்டாவது பிரதி வாங்குவது பெரும்பாலும் வீண் செலவு. இந்த ஒரு வரியைக் கவனிக்காமல் நான்கு நான்காக வாங்கிக் குவிப்பவர்கள் உண்டு.

எண்ணைப் பார்த்து ஏமாறுவது: இரண்டு எடுத்துக்காட்டு

டிராகபல்ட் ஈஎக்ஸ் 2024 மே மாதம் வந்த ட்வைலைட் மாஸ்கரேட் செட்டில் உள்ளது. 320 ஹெச்பி (தாங்கும் டேமேஜ்), ஸ்டேஜ் 2. ஃபான்டம் டைவ் என்ற அட்டாக் 200 அடிக்கும், கூடவே எதிராளியின் பெஞ்சில், ஒன்றுக்கு 10 டேமேஜ் வீதம், 6 டேமேஜ் கவுன்ட்டரை விருப்பம்போலப் பிரித்து வைக்கலாம். மொத்தம் 260. ஆனால் கேட்கும் எனர்ஜி ஒரு ஃபயர், ஒரு சைக்கிக். ஒரு முறைக்குக் கையிலிருந்து ஒரு எனர்ஜிதான் மாட்டலாம் என்பது விதி. எனவே கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள்.

முதல் முறையில் டிராகபல்ட்டின் பேசிக்கான ட்ரீப்பியை வைத்து ஒரு எனர்ஜி மாட்டுகிறோம். முதல் முறையில் யாரும் எவால்வ் செய்ய முடியாது. இரண்டாவது முறையில், நடுப்படியான டிராக்லோக்கைத் தாண்டவிடும் ரேர் கேண்டியும் டிராகபல்ட்டும் கையில் இருந்தால் நேராக ஏற்றி, இரண்டாவது எனர்ஜியை மாட்டி அடிக்கலாம். ஆக ட்ரீப்பி, கேண்டி, டிராகபல்ட், இரண்டு வெவ்வேறு எனர்ஜி என ஐந்து கார்டு சரியான நேரத்தில் சேர வேண்டும். 2024 செப்டம்பரில் ஸ்டெல்லர் கிரவுன் செட்டில் வந்த கிறிஸ்பின் என்ற சப்போர்ட்டர் (போக்கிமானோ எனர்ஜியோ அல்லாத ட்ரெய்னர் கார்டில் ஒரு வகை), டெக்கிலிருந்து வெவ்வேறு வகை பேசிக் எனர்ஜி இரண்டைத் தேடி ஒன்றைக் கையில் தரும், மற்றதை மாட்டிவிடும். எனர்ஜிச் சிக்கல் ஒரே முறையில் தீர்ந்தது. ஆனால் சப்போர்ட்டர் ஒரு முறைக்கு ஒன்றுதான். கிறிஸ்பின் ஆடிய முறையில் கார்டு இழுக்கும் சப்போர்ட்டரை ஆட முடியாது. அந்தக் குறையை நிரப்புவதுதான் டிராக்லோக்கின் வேலை. கேண்டி இருக்கிறதே என்று டிராக்லோக்கைக் குறைக்கும் டெக்குகள் இரண்டாம் மூன்றாம் முறையில் வெறுங்கையாக நிற்பது இதனால்தான்.

200 என்ற எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். ஃபெசான்டிபிட்டி ஈஎக்ஸின் ஹெச்பி 210. ஃபான்டம் டைவ் அடித்தால் 10 மீதி வைத்து உயிரோடு நிற்கும். முந்தைய ஃபான்டம் டைவில் ஆறு கவுன்ட்டரில் ஒன்றை முன்கூட்டியே அதன் மேல் வைத்திருந்தால்தான் அடுத்த அடியில் வீழ்த்தலாம். எந்த அட்டாக்கரை, அதாவது அடிக்கும் போக்கிமானைப் பார்த்தாலும் ஒரு தாளில் நீங்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் ஹெச்பிகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 70, 90, 110, 210, 320, 340. புது கார்டின் டேமேஜ் இதில் எந்தக் கோட்டைத் தாண்டுகிறது என்பதே கேள்வி. 220 அடிக்கும் கார்டுக்கும் 300 அடிக்கும் கார்டுக்கும், 320 ஹெச்பி எதிரில் நிற்கும்போது வித்தியாசம் இல்லை. இரண்டுக்கும் இரண்டு அடி வேண்டும்.

இரண்டாவது எடுத்துக்காட்டு இதற்கு நேர் எதிர். பட்யூ, 2025 ஜனவரியில் பிரிஸ்மாட்டிக் எவல்யூஷன்ஸ் செட்டில் வந்தது. 30 ஹெச்பி, டேமேஜ் 10. எண்ணை மட்டும் பார்த்தால் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட வேண்டிய கார்டு. ஆனால் அந்த அட்டாக்குக்கு எனர்ஜியே வேண்டாம், அடித்த பிறகு எதிராளி தன் அடுத்த முறையில் கையிலிருந்து ஐட்டம் கார்டு (இன்னொரு ட்ரெய்னர் வகை) எதுவும் ஆட முடியாது. ரேர் கேண்டி ஐட்டம். அல்ட்ரா பால் ஐட்டம். 70 ஹெச்பி வரையுள்ள பேசிக் இரண்டைப் பெஞ்சில் இறக்கும் பாஃபினும் ஐட்டம். இரண்டாவதாக ஆடுபவர் தன் முதல் முறையிலேயே பட்யூவால் அடித்தால், மேலே சொன்ன ஐந்து கார்டுக் கணக்கில் கேண்டி அப்படியே கையில் முடங்கிவிடும். பட்யூ வீழ்ந்தால் எதிராளிக்கு ஒரு பிரைஸ்தான். பெஞ்சுக்குப் பின்வாங்க எனர்ஜி கழிக்கவும் வேண்டாம்.

ஆகவே ஒவ்வொரு புது கார்டுக்கும் இரண்டு கேள்வி: இது எதிராளியின் எந்த முறையைத் திருடுகிறது? இதை எது தடுக்கிறது? பட்யூ மேசையில் இருக்கும் காலத்தில், ஐட்டமை நம்பி ஓடும் எந்தப் புது கார்டுக்கும் மதிப்பை ஒரு படி குறைத்தே போடுங்கள்.

எடுப்பதுதான் கடினம்

2025 செப்டம்பரில் மெகா எவல்யூஷன் செட்டோடு லில்லீஸ் டிடர்மினேஷன் என்ற சப்போர்ட்டர் வந்தது. கையிலுள்ள கார்டுகளை டெக்கில் கலந்துவிட்டு 6 கார்டு எடுக்கலாம். உங்கள் பிரைஸ் ஆறும் அப்படியே இருந்தால் 8. பார்த்தவுடன் வாய் ஊறும் கார்டுதான். ஐயோனோ என்ற பழைய சப்போர்ட்டரை ஆடிய டெக்குகளில் அதை எடுத்துவிட்டு இதை வைக்கலாமே என்று தோன்றும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐயோனோவில் இருவரும் கையை டெக்கின் அடியில் வைத்துவிட்டு, அவரவருக்கு மீதியுள்ள பிரைஸ் எண்ணிக்கைக்குக் கார்டு எடுக்க வேண்டும். ஆட்டத்தின் தொடக்கத்தில் அது 6, லில்லீஸ் 8. அங்கே லில்லீஸ் ஜெயிக்கிறது. கடைசியில், எதிராளிக்கு ஒரே ஒரு பிரைஸ் மீதி இருக்கும்போது ஐயோனோ ஆடினால் அவர் கையில் ஒரே ஒரு கார்டுதான் மிஞ்சும். பின்தங்கியிருக்கும் டெக் எழுந்து நிற்க அதுதான் பிடி. லில்லீஸில் அது கிடையாது. இரண்டையும் அளக்க "எது அதிகக் கார்டு தரும்?" என்பது பயன்படாது. "என் டெக் முன்னால் ஓடி ஜெயிக்கிறதா, பின்தங்கி வந்து ஜெயிக்கிறதா?" என்று கேட்டால் விடை தானாக வரும்.

டெக்குக்கு டெக் விடை மாறும் என்பதற்கு இன்னொன்று. புரொஃபசர்ஸ் ரிசர்ச் என்ற சப்போர்ட்டர் கையைக் குப்பையில் (கழித்த கார்டுகளின் அடுக்கில்) போட்டுவிட்டு 7 எடுக்கும். மெகா லூகாரியோ ஈஎக்ஸின் ஆரா ஜாப் என்ற அட்டாக், குப்பையிலிருந்து பேசிக் ஃபைட்டிங் எனர்ஜி மூன்று வரை பெஞ்சில் மாட்டும். அந்த டெக்குக்கு எனர்ஜி குப்பையில் விழுவது லாபம். டிராகபல்ட் டெக்கில் அதே விஷயம் நஷ்டம், ஏனென்றால் அங்கே எல்லாக் கார்டும் எண்ணி வைத்த கார்டு. கையைக் கலக்கும் கார்டே அதற்குப் பொருந்தும்.

எடுக்க வேண்டியதைத் தேடும்போது மூன்று குழுவாகப் பிரித்து அடுக்குங்கள்: டெக்கின் முதுகெலும்பு (அட்டாக்கரும் அதன் எவால்வ் வரிசையும்), அதை ஓட்டும் இழுப்பு–தேடல் கார்டுகள், பிறகு ஏதோ ஒரு குறிப்பிட்ட எதிராளிக்காக வைத்தவை. புதியது எந்தக் குழுவோ, அந்தக் குழுவிலிருந்தே எடுங்கள். அட்டாக்கரைச் சேர்க்க இழுப்புக் கார்டைக் கழிப்பதுதான் எல்லா டெக்கும் கெடும் வழி. ஏஸ் ஸ்பெக் என்ற சிறப்பு வகைக் கார்டு என்றால் யோசனையே வேண்டாம். டெக்குக்கு ஒன்றுதான் செல்லும் என்பதால், இருக்கும் ஏஸ் ஸ்பெக்கோடு மட்டும் ஒப்பிட்டால் போதும்.

எத்தனை பிரதி? கணக்கு சொல்லட்டும்

தொடக்கக் கையில் 7 கார்டு. 60இல் ஒரு கார்டு 4 பிரதி இருந்தால், அந்த ஏழில் ஒன்றாவது வர 40 சதவீத வாய்ப்பு. 3 என்றால் 31.5, 2 என்றால் 22, 1 என்றால் 12க்குச் சற்றுக் குறைவு. இதை மனப்பாடம் செய்துகொள்ளலாம், எல்லா டெக்குக்கும் ஒன்றுதான். முதல் முறையில் ஆடியே ஆக வேண்டிய கார்டுக்கு நான்கு வையுங்கள். ஆட்டத்துக்கு ஒரு தடவை போதும், எப்போது வந்தாலும் சரி என்பதற்கு ஒன்றோ இரண்டோ.

ஒற்றைப் பிரதிக்கு ஓர் ஆபத்து: 60இல் 6 பிரைஸாகப் போகின்றன, ஆகவே பத்து ஆட்டத்தில் ஒன்றில் அந்தக் கார்டு பிரைஸில் மாட்டிக்கொள்ளும். அந்த ஆட்டத்தில் டெக் நின்றுவிடும் என்றால் இரண்டாவது பிரதி வேண்டும். இரண்டுமே பிரைஸில் போகும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே.

ஜோடியாக வேலை செய்யும் கார்டுகளில்தான் மனக்கணக்கு தப்பும். இரண்டு கார்டு, தலா 3 பிரதி. முதல் முறை இழுப்போடு சேர்த்து 8 கார்டில் தனித்தனியே வரும் வாய்ப்பு 35 சதவீதம். இரண்டும் சேர்ந்து வருவது 11.5 சதவீதம்தான். "இதுவும் அதுவும் சேர்ந்தால் என்ன ஆகும் தெரியுமா!" என்று ஆரம்பிக்கும் பேச்சுக்கு இந்த எண்ணைக் காட்டுங்கள். தேடல் கார்டுகள் இதை உயர்த்தும், ஆனால் அந்தத் தேடலை வேறெதற்கும் பயன்படுத்த முடியாது.

புது கார்டு பேசிக் போக்கிமானா என்பதும் கணக்கில் வரும். கையில் பேசிக் இல்லையென்றால் கையைக் காட்டி மறுபடி எடுக்க வேண்டும், எதிராளி அதற்குக் கூடுதல் கார்டு எடுத்துக்கொள்ளலாம். பேசிக் 8 இருந்தால் இப்படி ஆகும் வாய்ப்பு 35 சதவீதம், 10 என்றால் 26, 12 என்றால் 19. பேசிக்கை எடுத்துவிட்டு ட்ரெய்னர் சேர்ப்பவர்கள் இந்த விலையையும் சேர்த்துத்தான் கட்டுகிறார்கள்.

வாங்குவதற்கு முன் ஆடிப் பார்க்க

ஏ4 தாளில் 63க்கு 88 மில்லிமீட்டர் அளவில் ஒன்பது கார்டு சரியாக அடங்கும். படத்தை வரிசையாக வைத்து எந்த ஜெராக்ஸ் கடையிலும் கருப்பு வெள்ளையில் எடுக்கலாம். கடைக்காரரிடம் "ஃபிட் டு பேஜ் வேண்டாம், நூறு சதவீத அளவில் போடுங்க" என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் கார்டு சிறுத்தோ பெருத்தோ வரும். வெட்டி, பழைய எனர்ஜி கார்டுக்கு முன்னால் வைத்து, பின்பக்கம் தெரியாத ஸ்லீவில் (பிளாஸ்டிக் உறையில்) போட்டால் போதும். 66க்கு 91 ஸ்லீவ் பொருந்தும். இது வீட்டு ஆட்டத்துக்கு மட்டும், அதிகாரப்பூர்வப் போட்டியில் செல்லாது.

ஜெராக்ஸ் துண்டில் ஒரு வேலை செய்யுங்கள். புது கார்டின் படத்துக்குக் கீழே, அதற்காக எடுத்த பழைய கார்டின் பெயரையும் பேனாவால் எழுதுங்கள். ஆட்டத்தில் அது கைக்கு வரும்போதெல்லாம் ஒரு நொடி நிறுத்தி, இந்த நேரத்தில் இரண்டில் எது வேண்டும் என்று கேட்டு, பக்கத்து நோட்டில் ஒரு கோடு போடுங்கள்: புதுசு, பழசு, இரண்டும் ஒன்றுதான். ஜெயித்தோமா தோற்றோமா என்பதைவிட இந்தக் கோடுகள் அதிகம் சொல்லும். 20 ஆட்டத்தில் 12 ஜெயித்தாலும் 10 ஜெயித்தாலும் அதில் அதிர்ஷ்டமே பாதி. ஆனால் கைக்கு வந்த பதினைந்து தடவையில் பதினொரு தடவை பழசு வேண்டும் என்று கோடு விழுந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. பாதி ஆட்டத்தில் முதலாவதாகவும் பாதியில் இரண்டாவதாகவும் ஆடுங்கள். முதலாவதாக ஆடுபவர் தன் முதல் முறையில் அடிக்கவும் முடியாது, சப்போர்ட்டரும் ஆட முடியாது. பல கார்டுகளின் மதிப்பு அங்கேயே மாறிவிடும்.

ஆள் கிடைக்காத நாளில் தனியாகவே ஏழு கார்டு எடுத்து, ஆறு பிரைஸ் வைத்து, முதல் மூன்று டர்ன் மட்டும் ஆடி நிறுத்திப் பாருங்கள். பத்துத் தடவை செய்ய அரை மணி நேரம் ஆகும், டெக் திக்குகிறதா ஓடுகிறதா என்பது தெரிந்துவிடும். செட் வெளிவந்த பிறகு என்றால், இதே ஆட்டத்தை ஆன்லைனில் ஆடும் டிசிஜி லைவ் செயலி இலவசம். நான்குக்கு மேல் சேரும் பிரதிகளுக்குக் கிடைக்கும் கிரெடிட்டைக் கொண்டு வேண்டிய கார்டை எடுத்துக்கொள்ளலாம்.

யாரோடு ஆடப்போகிறோம் என்பதையும் மறக்க வேண்டாம். ஊரில் ஐந்து பேர் ஆடும் கூட்டத்தில் மூன்று பேர் ஸ்டேஜ் 2 டெக் வைத்திருந்தால் பட்யூ தங்கம். அதே டெக்கோடு சென்னைக்கோ பெங்களூருக்கோ போட்டிக்குப் போனால் எதிரில் வருவது வேறு கலவை. லிமிட்லெஸ் தளத்தில் அண்மைப் போட்டிகளின் டெக் பட்டியல்கள் இருக்கும். அவற்றிலிருந்து அதிகம் ஆடப்படும் மூன்றை ஜெராக்ஸில் கட்டி எதிரில் வைத்துச் சோதியுங்கள். ஜப்பான் பட்டியலைப் பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் உஷார். அங்கே பல போட்டிகள் ஒற்றை ஆட்டம், இங்கே நீங்கள் போகும் போட்டி மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயிக்க வேண்டியது என்றால் திடீர்த் தாக்குதல் கார்டுகள் இரண்டாவது ஆட்டத்தில் பலிக்காது.

வாங்கும்போது

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு பழம்பொருள் கடையில் ஒரு தட்டின் விலை எப்படியோ, கார்டின் விலையும் அப்படித்தான்: எவ்வளவு அரிது என்பதற்கு விலையே தவிர, எவ்வளவு பயன் என்பதற்கு அல்ல. ஒரே கார்டு சாதாரண அச்சிலும் படம் முழுதும் பரந்த விசேஷ அச்சிலும் வரும். எழுதியிருப்பது ஒன்றே, ஆட்டத்தில் செய்வதும் ஒன்றே. ஆட வேண்டுமென்றால் மலிவானதை எடுங்கள். ஒரு குறிப்பிட்ட கார்டுக்காக பேக் பேக்காக உடைப்பதைவிட ஒற்றையாக வாங்குவது பெரும்பாலும் சிக்கனம்.

ஃபேன்சி ஸ்டோரிலும் திருவிழாக் கடையிலும் தங்க நிறத்தில் தொங்கும் பாக்கெட்டுகள் போலி. விளையாடிப் பார்க்கக்கூட வேண்டாம். ஹெச்பியும் அட்டாக் வரிகளும் பல சமயம் தவறாகவே அச்சாகியிருக்கும், அதை வைத்துக் கணக்குப் போட்டால் கணக்கும் தவறும்.

ஃபாயில் கார்டுக்கு இந்த ஊர் வெயிலும் ஐப்பசி மழையும் ஆகாது. காற்றில் ஈரம் ஏறி இறங்கும்போது கார்டு வளையும். டெக்கில் ஒன்று மட்டும் வளைந்திருந்தால் குலுக்கும்போதே எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும், போட்டியில் நடுவர் அதை அடையாளமிட்ட கார்டாகக் கருதலாம். ஸ்லீவில் போட்டு, மூடி இறுக்கமான பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். திண்ணையிலோ வளவிலோ ஆடும்போது ஆத்தங்குடிக் கல் மேல் நேராகப் பரப்பாமல் விரிப்பு போடுங்கள், தரையின் மண் துகள் பட்டு ஸ்லீவின் பின்புறம் கீறல் விழுந்தாலும் அடையாளம்தான்.

வெளியே எடுத்த பழைய கார்டை உடனே விற்றுவிட வேண்டாம். எந்த செட்டுக்காக, எதற்குப் பதிலாக எடுத்தோம் என்று ஒரு சீட்டில் எழுதி, அதே பெட்டியில் டெக்குக்குப் பின்னால் வையுங்கள். அடுத்த செட் வரும்வரை, குறைந்தது அதன் குறி ஸ்டாண்டர்டில் செல்லும்வரை, அது அங்கேயே இருக்கட்டும்.